தேரி மணலில் ஒரு சுனை

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒட்டகங்களும் அரபு நாட்டுக் கூடாரங்களும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. விவிலியம் படிப்போர்க்கு, பன்னிரண்டு நீரூற்றுகளையும் எழுபது பேரீச்ச மரங்களையும் கண்டு இஸ்ராயேல் மக்கள் பாளையம் இறங்கிய ஏலிம் நினைவுக்கு வரும். எகிப்து நாட்டிலே சீவா என்றொரு பாலைவனச் சோலை உண்டு. கடற்கரை நகரான மெர்சா மத்ருவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மணல்வெளியில் பேருந்தில் சென்று அதனை அடைய வேண்டும். நமக்கோ அத்துணைத் தொலைவு வேண்டியதில்லை, கடவுச்சீட்டும் தேவையில்லை. தியாகதுருகத்தில் பேருந்து ஏறி, வழியில் ஐந்து முறை மாறி அமர்ந்தால், நம் தமிழகத்திலேயே சிவந்த மணற்பாலை ஒன்றையும் அதனிடையே ஊறும் சுனையையும் காணலாம். சென்ற சித்திரையில் நான் கண்டு வந்தேன்.

என்னை அழைத்துச் சென்றவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர். வயது எழுபத்தெட்டு. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி ஓரத்தில் பனையேறியின் மகனாகப் பிறந்து, பதினான்காம் வயதில் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்குக் கையாளாக வந்து, பின்னர்த் தாமே சிறு கடை வைத்து, இங்கேயே வேர் பிடித்துவிட்டவர். ஊரார் அனைவருக்கும் அவர் ‘அண்ணாச்சி’தான், எனக்கும் அப்படியே. ஒரு நாள் மாலைப் பூசை முடிந்தபின் என்னிடம் வந்து, “சாமி, ஊருக்கு ஒரு தடவை போய்வர வேண்டும். அப்பா விட்டுப்போன விளையை ஒருவர் கேட்கிறார். தனியாகப் போகக் கால் துணியவில்லை” என்றார். அந்தப் பக்கத்தில் ‘விளை’ என்றால் பனந்தோப்பு. ஒன்றரை ஏக்கர் விளையும் அதன் நடுவே ஒரு கிணறும் அவருக்குப் பாத்தியம். விற்று வரும் பணம் பேத்தியின் செவிலியர் படிப்புக்கு. அக்கல்லூரிக்கு அவளுக்காக நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தவனே நான்தான். ஆகவே மறுக்க வழியில்லை.

வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன். பெரியவர் ஒப்பவில்லை. “பஸ்ஸில் வந்தவன் பஸ்ஸிலேயே போகிறேன்” என்றார். சிக்கனமும் பிடிவாதமும் அவரிடத்தில் ஒரே பொருளின் இரு பெயர்கள்.

விடியுமுன் நாலரை மணிக்குத் தியாகதுருகத்தில் ஏறினோம். கர்நாடகப் போர்களின் காலத்தில் படைகள் மாறி மாறி முற்றுகையிட்ட கோட்டைப் பாறை இருட்டில் கரிய பொதிபோல் கிடந்தது. உளுந்தூர்ப்பேட்டையில் முதல் மாற்றம், திருச்சியில் இரண்டாவது. பகலில் தென்னகம் செல்லும் தொலைதூரப் பேருந்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரைப்படப் பாட்டு ஓயாது. காதை மூடிக்கொண்டு செபமாலை சொல்ல முயன்று தோற்றேன். விராலிமலையைத் தாண்டியதும் பெரியவர் என் காதருகே குனிந்து, “சாமி, நான் கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்டார். விலைக்குக் கேட்பவர் பனைக்காக வாங்கவில்லையாம், கிணற்றுக்காக வாங்குகிறாராம். ஆழ்குழாய் இறக்கி, லாரியில் தண்ணீர் ஏற்றி விற்பது அவர் தொழில்.

“இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். அது மழுப்பலான விடை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

மதுரை மாட்டுத்தாவணியில் எலுமிச்சைச் சோறு. திருநெல்வேலி வேய்ந்தான்குளம் நிலையத்தில் ஐந்தாவது பேருந்து. திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரையில் தாமிரபரணி வளம் சேர்க்கும் நிலம். வயலும் வாழையுமாகக் கண் குளிர்கிறது. இப்பசுமையை விட்டுச் சில கிலோமீட்டர் விலகினால் பாலை இருக்கிறது என்று சொன்னால் எவரும் நம்பமாட்டார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது, திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட இரயில் வண்டி நூற்றுக்கணக்கான பயணிகளோடு திருவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பாலைக்கும் பிரளயத்துக்கும் இடைவெளி இங்கே அவ்வளவு குறுகியது.

இரவு திருச்செந்தூரில் தங்கினோம். ஐந்நூறு கிலோமீட்டர்த் தொலைவைப் பதினான்கு மணி நேரத்தில் கடந்த எங்களுக்கு, எஞ்சிய சில கிலோமீட்டருக்காக மறுநாள் காலையில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. தொலைவிடங்களுக்குச் செல்லும் பயணங்களில் எப்போதும் கடைசிக் கால் பங்குதான் கடினம். பெருநகரங்களுக்கு இடையே வண்டிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன; சிற்றூருக்கோ உள்ளது ஒரே ஒரு மினி பஸ். அதுவும் கூட்டம் சேர்ந்தபிறகே நகரும். வந்து சேர்ந்த வண்டியில் பெண்கள் பனையோலைப் பெட்டிகளோடு அமர்ந்திருந்தனர். நடத்துநருக்கு ஒவ்வொருவர் இறங்குமிடமும் மனப்பாடம். என் வெள்ளை அங்கியைக் கண்ட ஒரு மூதாட்டி நகர்ந்து இடம் கொடுத்து, எங்கே போகிறோம், யார் வீட்டுக்கு, என்ன காரியம் என்பதனைத்தையும் மூன்றே கேள்விகளில் அறிந்துகொண்டாள். நாங்கள் போய்ச் சேருமுன் எங்கள் காரியம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

காயாமொழியைக் கடந்ததும் தேரி தோன்றிற்று. செம்மண் என்று சொல்லிவிட முடியாது. செங்கல்லை மாவாக இடித்துக் கொட்டியதுபோன்ற மணல், குன்றுகளாகவும் மடிப்புகளாகவும் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடக்கிறது. காற்று வரைந்த அலைக்கோடுகள் அதன்மேல். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வீசும் மேல்காற்று, பன்னெடுங்காலமாக மேற்கிலுள்ள செந்நிலத்தைச் சுரண்டி வந்து இங்கே குவித்தது என்பது அறிஞர்களின் கருத்து. மணிகளின்மேல் படிந்த இரும்புத் துருவே அந்நிறத்துக்குக் காரணம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883-ஆம் ஆண்டு வெளியான தம் ஆய்வு நூலில் இத்தேரிகளை விவரித்துள்ளார். சாயர்புரம் முதலிய இடங்களில் தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளோ, உலோகத்தை அறியாத மாந்தரும் இங்கே வாழ்ந்தமைக்குச் சான்று. தண்ணீர் இல்லாத இடத்தில் மனிதன் தங்கமாட்டான் அல்லவா?

மேலப்புதுக்குடியில் அச்சான்றைக் கண்ணாரக் கண்டேன். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் என்பது அவ்விடத்தின் பெயர்; பெயரிலேயே சுனை இருக்கிறது. சூடேறிய மணலில் செருப்பும் புதையப் புதைய நடந்து சென்றவர்களுக்குத் திடீரென மரங்கள் அடர்ந்த குளிர்ந்த நிழல் வாய்த்தது. அதனுள்ளே நீர். வேற்றுச் சமயத்தாரின் திருத்தலமாதலால் ஓரமாக நின்றோம். அங்கிருந்தோர் வேற்றுமை பாராட்டாமல் அருகே அழைத்தனர். பெரியவர் குனிந்து ஒரு கை நீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார். அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் என்றார். மேலும் பேசவில்லை.

மணற்பாலையில் நீர் எங்ஙனம் வந்தது? எளிய கணக்குத்தான். தேரியில் ஓடை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை ஓடி வீணாகாமல் பெய்த இடத்திலேயே மணலுக்குள் இறங்கிவிடுகிறது. மேல் மணல் உலர்ந்து மூடிபோல் அமைவதால் வெயில் அந்நீரைத் தொடுவதில்லை. கீழே நீர்புகாத களிமண் படுகையைக் கண்டதும் அது பக்கவாட்டில் கசிந்து நகர்ந்து, தாழ்வான இடத்தில் சுனையாகத் தலைகாட்டுகிறது. மழைக்காலத்தில் பள்ளங்களில் பரந்து நிற்கும் நீருக்குத் ‘தருவை’ என்று இவ்வூரார் பெயர் வைத்திருக்கின்றனர். நாம் வறட்சியின் சின்னமாகக் காணும் மணல்தான் இங்கே தண்ணீர்ப்பானை.

பெரியவரின் தமக்கையார் வீடு அங்கிருந்து சற்றுத் தொலைவு. எண்பத்தைந்து வயது, கண் மங்கல், குரல் மட்டும் மங்கவில்லை. “எய்யா, வந்துட்டியா!” என்று தம்பியின் முகத்தை இரு கையாலும் தடவினார். பனையோலைப் பட்டையில் பதநீர் வந்தது. விடிலியில் கருப்பட்டி காயும் மணம். முன்பொரு காலத்தில் தேரி முழுவதும் சோலையாக இருந்ததாம். அரசன் ஒருவனின் மாங்கனி தண்ணீர் எடுக்க வந்த பெண்ணின் குடத்தில் தானாக விழ, அவளைத் திருடி என்று அவன் வெட்டுவித்தானாம். அந்த அநியாயத்துக்காக மண்மாரி பெய்து நாடு மூடிப்போயிற்றாம். தம் தாயார் சொன்ன கதை என்று அவர் அதைச் சொன்னார். புவியியலாரின் விளக்கத்தைவிட இக்கதையை அவர் அதிகம் நம்பினார் என்று நினைக்கிறேன்.

பின்னர் அவர் பேரனை ஏவி இரண்டு குவளைத் தண்ணீர் கொண்டுவரச் செய்து என் முன் வைத்தார். “இதைக் குடியும் சாமி. இப்போ இதைக் குடியும்.” முதலாவது இனித்தது. இரண்டாவது நாவில் உவர்ப்பாகத் தங்கிற்று. முதல் குவளை தம்பியின் விளைக் கிணற்று நீர். இரண்டாவது, கிழக்கே இரவு பகலாக மோட்டார் ஓடும் தோட்டத்துக்கு அடுத்த கிணற்றினுடையது. “பத்து வருஷத்துக்கு முந்தி ரெண்டும் ஒரே ருசி” என்றார்.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடற்கரை நிலத்தில் நன்னீர் எடை குறைந்ததாதலால் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். திருச்செந்தூர்க் கடலோரத்து நாழிக்கிணறும், மணப்பாட்டில் புனித சவேரியார் 1542-இல் தங்கியதாக வழங்கும் குகையிலுள்ள கிணறும் அலைக்கு அருகிலிருந்தும் இனிப்பது இவ்வாறே. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை உப்பு அண்டாது. திருப்பிச் சொன்னால், மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும். கிணறுகள் பல, அடியிலுள்ள நீர் ஒன்றே.

தமக்கையார் இவ்வளவு விரிக்கவில்லை. “உன் கிணறு, உன் இஷ்டம் தம்பி. ஆனா நீ வித்தா எங்க அஞ்சு வீட்டுக் கிணறும் சேர்ந்தில்ல போகும்?” என்றார். அதன்பின் பேச்சு உறவினர் நலத்துக்கு மாறிவிட்டது.

பெரியவர் என்னைப் பார்த்தார். பேருந்தில் கேட்ட கேள்வி அப்பார்வையில் இருந்தது. என் கண்முன்னோ பேத்தி நின்றாள். விண்ணப்பத் தாளோடு அறைவாசலில் நின்று, “சாமி, கடைசித் தேதி நெருங்கிவிட்டது” என்று சொன்ன அவள் முகம். ஐந்து வீட்டுத் தண்ணீர் ஒரு பக்கம், ஒரு பெண்ணின் படிப்பு மறுபக்கம். குருமடத்தில் அறவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அன்றைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. “நீங்கள் விற்காவிட்டால் அந்தப் பணத்துக்கு நானும் உங்களோடு சேர்ந்து அலைகிறேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அண்ணாச்சி” என்றேன்.

பிற்பகலில் பத்திரக் காகிதங்களோடு வந்தவர் மரியாதையானவர்தாம், குறை சொல்வதற்கில்லை. விலையை இரு முறை உயர்த்தினார். இரண்டாம் முறை உயர்த்தியபோது பெரியவரின் கை நடுங்கியதைக் கண்டேன். “கிணறு போகப் பனை மட்டும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் அவர். வந்தவர் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். பனையை இக்காலத்தில் யார் வாங்குகிறார்கள்? ஏறுவதற்கே ஆள் அரிது. பெயர்பெற்ற உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் ஏறும் இளைஞர் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை.

மினி பஸ் வரும் நேரமாயிற்று. அதைத் தவறவிட்டால் மறுநாள் காலைதான். தமக்கையார் தடியூன்றிச் சாலைவரை வந்து, ஓலைக் கொட்டானில் கருப்பட்டியும், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தம்பியின் கிணற்று நீரும் கொடுத்தார். நடத்துநர் அவர் பேசி முடிக்கும்வரை விசில் ஊதாமல் பொறுத்திருந்தார். அதிவிரைவுப் பேருந்துகளில் இந்தச் சலுகை கிடையாது.

திரும்பும் வழி முழுவதும் பெரியவர் அதிகம் பேசவில்லை. பாட்டிலை மடியிலேயே வைத்திருந்தார். மதுரையில் தாகத்துக்குத் தேநீர் வாங்கிக் குடித்தாரே தவிர அதைத் திறக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் உளுந்தூர்ப்பேட்டையில் இறங்கித் தியாகதுருகத்துக்கு முதல் பேருந்தை எதிர்நோக்கி நின்றபோதுதான் வாய் திறந்தார்.

“பேத்தி வாசலில் காத்திருப்பாள் சாமி. நான்தான் சொல்ல வேண்டும். நீங்களும் வீட்டுக்கு வருகிறீர்களா?”

வருகிறேன் என்றேன். பேருந்து வந்தது.