ரெண்டரை அங்குலப் பனி!

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தடுக்கி விழுந்தால் 'பீச்ட்ரீ' தெருதான். அத்தனை தெருக்களுக்கு அந்தப் பெயர்! 2014 ஜனவரி 28-ம் தேதி ஊரே நிஜமாக வழுக்கி விழுந்தது.

பெய்த பனி சுமார் இரண்டரை அங்குலம். பாஸ்டன்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால், இது தென் மாநிலம் ஸார்! பனியைக் கண்டதும் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மதியம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இழுத்து மூடிவிட்டார்கள். 'அப்பாடா, இன்னிக்கு சீக்கிரமே வீடு!' என்று அத்தனை பேரும் காரைக் கிளப்ப... போச்சு! சக்கரம் ஏறி உருகின பனி மறுபடி உறைந்து, ரோடு கண்ணாடியாகிவிட்டது. உப்புத் தூவ வந்த லாரிகளும் அதே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டன.

அரை மணியில் வீடு சேர வேண்டியவர்கள் விடிய விடிய காரிலேயே கிடந்தார்கள். காரை நடுரோட்டில் விட்டுவிட்டு நடந்தவர்கள், மருந்துக்கடைத் தரையில் படுத்தார்கள். ஆணி, பெயிண்ட் விற்கிற 'ஹோம் டிப்போ' கடைகள் ராத்திரி பூராவும் கதவைத் திறந்து வைத்தன. 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே படுக்கை. சில பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸிலேயே! ரோட்டில் சிக்கிய அப்பா, அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? நெடுஞ்சாலையில் ஒரு குழந்தை காருக்குள்ளேயே பிறந்தது. பிரசவம் பார்த்தவர்கள் அப்பாவும் ஒரு போலீஸ்காரரும்தான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பனிப்புயல் எச்சரிக்கை. கடைகளில் ரொட்டி, பால் எல்லாம் காலி. நெடுஞ்சாலையில்..? ஈ, காக்கா இல்லை!