கூட்டல், கழித்தல், காயில்!

கணக்கை வாயால் சொன்னால் சண்டை; தாளில் கொடுத்தால் சமாதானம். பி.காம். படித்த மூன்று வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் இது. பட்டினச்சேரி கடற்கரையில் மீன் ஏலம் விடும் என் பெரியப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அவரிடம் ஒரு பிரிண்டிங் கால்குலேட்டர் உண்டு. 1980-களில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஜப்பான் சரக்கு. 'கர்ர்ர்... டக்' என்று தாளைத் துப்பும். வரவு கறுப்பில், கழிவு சிவப்பில். டீசல் போக, ஐஸ் போக, படகுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு எல்லாம் ஒரு முழத் தாளில்! கிழித்து மடியில் செருகிக்கொண்டு போவார்கள். சிவப்பு அதிகமாக இருந்தால் அன்றைக்கு வீட்டில் குழம்பைவிடப் பேச்சில் காரம் தூக்கல்!

இந்த ஜாதி மெஷினை லேசாக நினைக்காதீர்கள் ஸார். 1971-ல் வெளிவந்த இன்டெல் 4004 என்ற மைக்ரோபிராசஸர், ஜப்பானிய பிஸிகாம் கம்பெனியின் பிரிண்டிங் கால்குலேட்டருக்காகவே பிறந்தது. உள்ளே சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். 'எப்ஸன்' என்ற பெயர்கூட, 1968-ல் வந்த 'ஈ.பி.-101' என்ற குட்டி பிரிண்டரின் 'ஸன்', அதாவது பிள்ளை என்ற அர்த்தத்தில் 1975-ல் வைத்ததுதான்.

போன தடைக்காலத்தில் பெரியப்பாவின் மெஷின் மூச்சை நிறுத்திவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஜூன் 15 வந்தால் ஏலம். "செல்போன்லயே கணக்குப் போடலாமே பெரியப்பா?" என்றேன்.

"போன்ல இருக்கறத ஒரு விரல்ல அழிச்சிடலாம். நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா எதடா காட்டுவே?"

பதில் இல்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனிடம் போனேன்.

அவர் மல்டிமீட்டரை வைத்தார். டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் தொடர்ச்சி இருந்தது. 230 வோல்ட் வாங்கும் பிரைமரியில் இல்லை. "சில டிரான்ஸ்பார்மர்ல டேப்புக்கு அடியில வெப்ப பியூஸ் ஒளிஞ்சிருக்கும் தம்பி. அது மட்டும் போயிருந்தா சின்னச் செலவு" என்று பிரித்தார். பியூஸ் நன்றாகத்தான் இருந்தது. உப்புக் காற்றில் தாமிரக் கம்பி பச்சை பிடித்து அறுந்திருந்தது.

"கடையில விக்கிற 12-0-12 போட்டா என்னண்ணே?"

"ஓடாது தம்பி. இதுல மூணு செகண்டரி. மோட்டாருக்கு ஒண்ணு, பச்சை எழுத்து டிஸ்ப்ளேக்குக் கூடுதல் வோல்ட்ல ஒண்ணு, அதோட இழைக்கு ரொம்பக் கம்மி வோல்ட்ல ஒண்ணு. ஒண்ணு இல்லேன்னாலும் மத்தது வீண்."

அதாவது கூட்டுக்குடும்பம்!

பழைய கம்பியை எண்ணிக்கொண்டே பிரித்தார். சூட்சுமம் சுற்றுக் கணக்கில்தான். 230-ஐ 10 வோல்ட்டாக இறக்க வேண்டுமானால் செகண்டரியில் ஒரு சுற்றுக்குப் பிரைமரியில் 23 சுற்று. கம்பியின் கனமும் அதே இருக்கவேண்டும். மெலிந்தால், தாள் அடிக்கும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட்டுக்குச் சூடாகிவிடும். புதுக் கம்பி சுற்றி, அடுக்குக்கு அடுக்கு இன்சுலேஷன் தாள் வைத்து, உப்புக் காற்று நுழையாதபடி வார்னிஷில் முக்கிக் காயவைத்தார்.

முதல் கரண்ட் நேராகக் கொடுக்கவில்லை. 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், மெஷின் பிழைக்கும். பல்பு ஒருதரம் மினுக்கி மங்கியது. டிஸ்ப்ளேயில் பச்சையாக ஒரு பூஜ்யம். வாழ்க்கையில் பூஜ்யத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான்!

ஜூன் 15-க்கு இரண்டு நாள் முன்பு மெஷினை ஒப்படைத்தேன். தாள் சுருளை மாட்டிக்கொண்டே பெரியப்பா ஒரு விஷயம் சொன்னார். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, மெஷின் ரிப்பேருக்காகக் காரைக்காலில் இருந்ததால் தப்பித்ததாம். ஆனால், வீட்டில் சேர்த்து வைத்திருந்த தாள் சுருள் அத்தனையும் கடலோடு போயிற்று. யார் எவ்வளவு பாக்கி என்பதற்கு ஒரு துண்டுகூட இல்லை.

"அப்புறம்?"

"கொடுக்க வேண்டியவங்க அவங்களாவே வந்து தொகையைச் சொன்னாங்கடா. இல்லேன்னு ஒருத்தரும் சொல்லல."

"அப்போ தாளே வேணாமே பெரியப்பா?"

"போடா! அதுக்கு முன்னாடி இருபது வருஷம் தாள் கொடுத்தேனே... அதனாலதான் அன்னிக்குத் தாள் தேவைப்படல."