பி.பி. நம்பர்

முன்பெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் போன் நம்பருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று இரண்டெழுத்து இருக்கும். நம்பர் கல்யாண வீட்டுக்காரருடையது அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது என்று அர்த்தம். கூப்பிட்டால் போய் ஆளை அழைத்து வருவார்கள். அந்த இரண்டெழுத்துக்கு விரிவு என்ன என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

2004-ல் சென்னையில் வேலைக்கான டெஸ்ட் அடித்துவிட்டு நான் சிங்கப்பூர் கிளம்பியபோது பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டில் இருந்ததும் ஒரு பி.பி. நம்பர்தான். கடத்தூரில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையின் நம்பர். பொம்மிடியில் ரயில் ஏற்றிவிட வந்த மாமா, "அங்க போனதும் ஒரு போன் வாங்கிடு" என்று மூன்று தடவை சொன்னார். போன் வாங்குவது ஒரு வேலையே இல்லை என்பது போய் இறங்கிய முதல் வாரமே தெரிந்துவிட்டது. பெர்மிட் அட்டையைக் காட்டினால் கார்டு கிடைக்கும், காசு கட்டினால் பேசலாம். வேலையெல்லாம் கடத்தூர்ப் பக்கம்தான் இருந்தது.

அந்த மளிகைக் கடை போனை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ரிசீவரை எடுக்க மட்டும் மேலே வெட்டி விட்டிருக்கும். வருகிற போனை எடுக்கலாம், போட முடியாது. எங்கள் ஊரில் மாலை ஏழு என்றால் சிங்கப்பூரில் ஒன்பதரை. வேலை முடிந்து, குளித்து, சமையல் வரிசையில் நின்று சாப்பிட்டு முடிக்கச் சரியாக இருக்கும். முதல் போனைப் போட்டு, "நான்தாங்க, சிங்கப்பூர்ல இருந்து. எங்கம்மாவக் கொஞ்சம் கூட்டியாரச் சொல்லுங்க, பத்து நிமிசம் கழிச்சுக் கூப்புடறேன்" என்று வைத்துவிட வேண்டும். கடைப் பையன் ஓடுவான். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டால் அம்மா ஓடி வந்த வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். முதல் அரை நிமிடம் எனக்குக் கேட்டது அந்த மூச்சு மட்டும்தான். அதற்கும் காசு ஓடும்.

கடையில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அதனால் அம்மா பேச மாட்டாள், 'ம்' கொட்டுவாள். பணம் வந்ததா என்பதற்கு ஒரு 'ம்', வட்டிக்காரர் வந்தாரா என்பதற்கு இன்னொரு 'ம்'. அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று, "சாப்டியா சாமி?" பேசி முடித்ததும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருக்கும் அவளுக்கு. தேவை இருக்கிறதோ இல்லையோ, கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டுதான் போவாள். நான் ஊருக்குப் பேச ஆன செலவை இன்றைக்குக் கணக்குப் போட்டால் அந்தப் பருப்பையும் சேர்க்க வேண்டும்.

சிங்கப்பூர்ப் பக்கம் மலிவாகப் பேசுவதற்கென்று ஒரு தனிப் படிப்பே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில் அதுதான் பேச்சு. சிங்டெல்லில் 001 போட்டால் ஒரு விலை, 019 போட்டால் அதைவிடக் குறைந்த விலை. லைன் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஸ்டார்ஹப்காரன் 018 என்று ஒன்று வைத்திருந்தான். இந்தியாவில் வெளிநாட்டுத் தொலைபேசியில் வி.எஸ்.என்.எல்.லின் தனியுரிமை முடிந்தது 2002-ல்தான்; சிங்கப்பூரில் 2000-லேயே போட்டி திறந்துவிட்டது. ஆகவே நாங்கள் போய்ச் சேர்ந்த சமயம் ஆளாளுக்கு விலை குறைத்துக்கொண்டிருந்த காலம். எந்த நம்பரை முன்னால் போடுவது என்பதில் சாமர்த்தியசாலி யார், ஏமாளி யார் என்று டார்மிட்டரியில் தெரிந்துவிடும்.

ஆனாலும் பெரும்பாலோர் வாங்கியது சுரண்டும் அட்டைதான். சிராங்கூன் ரோட்டுக் கடைகளின் கண்ணாடியில் மாலை மாதிரி தொங்கும். வெள்ளிப் பூச்சை நகத்தால் சுரண்டினால் நீளமாக ஒரு நம்பர். முதலில் அந்தக் கம்பெனியின் நம்பரைப் போட்டு, மொழிக்கு ஒன்றை அமுக்கி, சுரண்டிய நம்பரை அடித்து, பிறகு 91, பிறகு ஊர் நம்பர். நடுவில் ஒரு எண் தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிரேன் ஓட்டுகிற எங்கள் ரூம் அண்ணன் ஒருவர் இருபத்தைந்து எண்களைப் பார்க்காமல் அடிப்பார். அவரைச் சுற்றி நாலு பேர் நிற்போம்.

அட்டையில் போட்டிருக்கிற நிமிடக் கணக்கை நம்பியவன் கெட்டான். நூறு நிமிடம் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஒரே மூச்சில் நூறு நிமிடம் பேசினால்தான் நூறு. பேசாமல் வைத்தாலும் நாளுக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணம் கழியும். சில அட்டைகளில் ஒவ்வொரு தடவை லைன் கிடைப்பதற்கும் தனியாக ஒரு பிடித்தம். சிலவற்றில் ஒரு நிமிடம் பேசினாலும் மூன்று நிமிடமாகக் கணக்கு. இப்போது என் கதையை அதில் பொருத்திப் பாருங்கள். கடைப் பையனிடம் சொல்ல ஒரு போன், அம்மாவிடம் பேச ஒரு போன், நடுவில் அறுந்தால் மூன்றாவது. வீட்டில் சொந்தமாகப் போன் இருந்தவனுக்கு அதே பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அட்டை இரண்டு வாரம் வந்தது; எனக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரே அட்டை, ஒரே நிமிடக் கட்டணம். வித்தியாசம் கடத்தூரில் இருந்தது.

இதில் பின்னாளில் எனக்குத் தெரிய வந்த ஒரு சங்கதியைச் சொல்லாமல் நகர முடியாது. 2003-லிருந்து 2008 வரை வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் வருகிற ஒவ்வொரு நிமிடத்தின் மேலும் ஏ.டி.சி. என்று ஒரு கட்டணம் இருந்தது. கிராமத்து லைன்களை நடத்துவதில் பி.எஸ்.என்.எல்.லுக்கு விழுகிற நஷ்டத்தை ஈடுகட்டத்தான் அதை வைத்தார்கள். அப்படியானால் மரப்பெட்டிக்குள் பூட்டியிருந்த அந்த மளிகைக் கடை போனை ஓட விட்டதில் என் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கிறது. அது தெரியாமல் அம்மா பருப்பு வேறு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அம்மாவுக்கே ஒரு போன் வந்தது. முதல் லீவில் நான் வாங்கி வந்த நோக்கியா 1100. அதன் தலையில் ஒரு டார்ச் உண்டு. அம்மா அதைப் போனாகப் பயன்படுத்தியதைவிட, ராத்திரி மாட்டுக் கொட்டகைக்குப் போக டார்ச்சாகப் பயன்படுத்தியதே அதிகம். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. வாசல் புளியமரத்தடியில் நின்றால் இரண்டு கோடு. நான் கூப்பிடுகிற நேரத்துக்கு அங்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கடைக்கூட்டம் இல்லாததால் 'ம்' போய் வார்த்தை வந்தது. ஊரில் யார் செத்தார், யார் ஓடிப்போனார், சந்தையில் வெற்றிலை என்ன விலை போச்சு என்பதெல்லாம் அதன் பிறகுதான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் ஒரு வேடிக்கை. நான் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் அம்மா போனில் இந்திய நம்பர் விழும். ஒரு நாள் பீகாரோ ஒரிசாவோ, மறுநாள் வேறெங்கோ. தெரியாத நம்பர் எடுக்காதே, மோசடிக்காரர்கள் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். நான் சொன்னதை அம்மா அப்படியே கேட்டாள். நாலு நாள் என் போனை எடுக்கவில்லை. இதன் சூட்சுமம் காசுதான். வெளிநாட்டு அழைப்பை ஊர் போனில் கொண்டுவந்து சேர்க்க, சேர்க்கிற இந்தியக் கம்பெனிக்கு ஒரு கூலி உண்டு. 2015-ல் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் வைத்த கணக்குப்படி அது நிமிடத்துக்கு 53 காசு. உள்ளூர் அழைப்பைச் சேர்க்க 14 காசு. இடையில் இருக்கிற 39 காசில்தான் திருட்டு வியாபாரம். அழைப்பை இன்டர்நெட் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்து, ஒரு பெட்டியில் அடுக்கடுக்காகச் செருகியிருக்கிற சிம் கார்டுகளில் ஒன்றின் வழியாக உள்ளூர்ப் போன் மாதிரி விடுவார்கள். சிம் பாக்ஸ் பிடிபட்டது என்று பேப்பரில் அவ்வப்போது வருமே, அதுதான். 2018 பிப்ரவரியில் 53 காசை 30 ஆக்கினார்கள். நாங்கள் மலிவு என்று கொண்டாடிய அட்டைகளில் எத்தனை இந்தப் பெட்டி வழியாகப் போனதோ. அழைப்பு எனக்கு மலிவாகத்தான் போனது. எதிர்முனையில் என் பெயர்தான் விழவில்லை.

2017 ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூரில் மூன்று செல்போன் கம்பெனிகளும் 2ஜியை நிறுத்தின. எங்கள் டார்மில் பாதிப் பேர் கையில் பழைய பட்டன் போன். வேறு வழியில்லாமல் எல்லோரும் டச் போனுக்கு மாறினோம். அதற்கு ஏழு மாதத்துக்கு முன்புதான், 2016 செப்டம்பரில், இந்தியாவில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கியிருந்தது. அதே வருடம் நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ கால். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், நீட்ட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 'வாட்ஸ்அப் வரும்' என்று கேட்டு நான் அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். வாட்ஸ்அப் வந்தது; அதில் கால் பேச முடியாது, மெசேஜ் அனுப்பத்தான் முடியும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் போன் கொஞ்ச நாள் பரணில் கிடந்தது.

ஷார்ஜாவில் இருக்கிற என் தங்கை வீட்டுக்காரரின் பாடு வேறு மாதிரி. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம், பேச முடியாது. அனுமதி பெற்ற சில செயலிகளில் மட்டும்தான் பேச்சு. நம் ஆட்களுக்குத் தெரிந்தது போட்டிம். சவூதி 2017 செப்டம்பரில் தடையை எடுத்துவிட்டது, இவர்கள் எடுக்கவில்லை. வி.பி.என். போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அதைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் குறைந்தபட்ச அபராதமே ஐந்து லட்சம் திர்ஹாம் என்று சட்டம் சொல்கிறது. எலக்ட்ரீஷியன் சம்பளத்தில் இருக்கிறவர் அந்த வம்புக்குப் போவாரா? மச்சான் மாதா மாதம் தனியாகப் பேக்கேஜ் போட்டுக்கொண்டார். அது அவர் பக்கத்துக் கதை. தங்கை பக்கம் என்ன ஆனது என்றால், அவள் போனில், மாமியார் போனில், டியூஷன் போகிற பெரியவன் போனில் என்று மூன்று போனிலும் போட்டிம் ஏற்ற வேண்டி வந்தது. அது கேட்ட ஓடிபி அதற்கு முந்தின மாதம் தொலைந்த சிம்முக்குப் போயிற்று. மூன்று நாள் ஆயிற்று சரியாக. அமீரகத்தில் போட்ட சட்டத்துக்குத் தங்கை கடத்தூரில் செல்போன் கடை வாசலில் நின்றாள்.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகச் சிங்கப்பூரில் டார்மிட்டரிகளை அடைத்தபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தோம். சிம் கார்டும் வைஃபையும் கேட்காமலே கிடைத்தன. அடைபட்டிருந்த அந்த மாதங்களில்தான் நான் கடத்தூரை முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தங்கை மகன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் நடப்பான். பழைய மளிகைக் கடையைக் காட்டினான். மரப்பெட்டி இன்னும் இருந்தது. உள்ளே போன் இல்லை, சில்லறை போட்டிருந்தார்கள்.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் இந்தப் பக்கத்துச் செலவு புரிகிறது. வெளிநாட்டிலிருந்து பேசுவது ஓசி என்று ஆகிவிட்டது. அந்த ஓசிப் பேச்சை வாங்கிக்கொள்ள இங்கே ரீசார்ஜ் போட வேண்டும். 2018 கடைசியில், போன் வந்து சேருவதற்கே மாதம் 35 ரூபாயாவது போட வேண்டும் என்றார்கள். இன்றைக்கு அது இருநூறைத் தொட்டு நிற்கிறது. மாதம் என்றும் சொல்லக் கூடாது, 28 நாள். வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதிமூன்று தடவை. அம்மாவுக்கு மாதம் என்றால் அமாவாசைக்கு அமாவாசை. அது இருபத்தொன்பதரை நாள். அவள் கணக்கில் அமாவாசைக்கு முன்பே போன் செத்துவிடுகிறது. "இவனுங்க நிலாவ விட வேகமா ஓடறானுங்க" என்பாள். டேட்டா வேண்டாம், பேச மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனித் திட்டம் வைக்கச் சொல்லி டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. வந்திருக்கிறது, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கிழவி கேட்டு வாங்குவாள்?

அக்கா மகன் அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறான். போன ஞாயிறு அவனையும் அக்காவையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். சாங்கி ஏர்போர்ட்டில் இறங்கி எந்தக் கார்டு வாங்குவது என்பதற்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்தான் அதை. மீதி நேரம் பூராவும் இந்த முனைக்கு. அவனுடைய இந்திய நம்பரைச் சாக விடக் கூடாது, பேங்க் ஓடிபி அதில்தான் வரும். தொண்ணூறு நாள் சும்மா கிடந்தால் நம்பரை நிறுத்தி, பிற்பாடு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அதனால் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் யார் குறிப்பது, அக்கா போனுக்கு யார் போடுவது, செயலி அப்டேட் கேட்டால் யாரிடம் காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைப் பிடித்தோம்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "என் போனு சார்ஜ் எறங்கிப் போயிருந்தா என்னடா பண்ணுவ? ராத்திரியில திடீர்னு ஒண்ணுன்னா?" என்றாள். அவனுக்குப் பதில் வரவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மாவின் நம்பரைச் சொல்லி, ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். அவன் போனில் எண்ணை அடித்துவிட்டு, பெயர் போடுகிற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தான். பெரியம்மாவின் பெயர் அவனுக்குத் தெரியாது, பிறந்ததிலிருந்து பெரியம்மாதான். "பி.பி.ன்னு போடு" என்றேன்.

"அப்பிடின்னா?" என்றான்.