பிளேடு செய்த சிறு பட்டறைகள்

மழுங்கியதும் தூக்கியெறியும் சவர பிளேடுக்கு 1904 நவம்பரில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் கிங் கேம்ப் ஜில்லெட். யோசனை அவருடையது. தாள்போன்ற எஃகை வளையாமல் கடினப்படுத்தும் வழியைக் கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். ஜில்லெட்டின் பெயர் நிலைத்த அளவுக்கு நிக்கர்சன் பெயர் நிலைக்காதது நியாயமில்லை; இத்தொழிலின் உயிர் எஃகைக் கடினப்படுத்தும் சூளையில்தான் இருக்கிறது. பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். எஃகுப் பட்டையைத் துளையிட்டு, ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, பிறகு படிப்படியாகச் சாணை பிடிக்க வேண்டும். சூடு பிசகினால் விளிம்பு நொறுங்கும், அல்லது ஒரே சவரத்தில் மழுங்கிவிடும்.

1921இல் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியானதும் கதவு திறந்தது. ஜெர்மனியின் சோலிங்கனிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் சிறு தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். ஒரே பட்டறையில் செய்த பிளேடு பல கடைகளின் பெயர் தாங்கி விற்பனைக்குப் போனது.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குள் துணிந்து இறங்கியவர் ஜி.டி. நாயுடு. 1893இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றைப் பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். அவர் வடிவமைத்த ‘ரேசண்ட்’ சவரக் கருவிக்குள் உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் இருந்தது. அது ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் தயாரானது. மிக மெல்லிய பிளேடு ஒன்றையும் அவர் உருவாக்கினார். வெளிநாட்டுச் சரக்கே சந்தையை ஆண்ட காலத்தில், கோவைக்காரர் ஒருவர் ஐரோப்பியரின் கைத்தொழிலிலேயே அவர்களோடு போட்டியிட்டது சாதாரணக் காரியமல்ல.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு உள்நாட்டுத் தொழிலுக்கு நிழல் கொடுத்தது. கல்கத்தாவின் ஹர்பன்ஸ்லால் மல்ஹோத்ரா நிறுவனத்தின் டோபாஸ் பிளேடு நாடெங்கும் பரவியது. மல்ஹோத்ரா குடும்பத்தின் வித்யுத் மெட்டாலிக்ஸ் ‘சூப்பர்மேக்ஸ்’ பெயரில் உலகச் சந்தைக்கே போனது. பாரத், அசோக், பனாமா ஆகியவையும் அக்காலத்தில் வீடுகளில் புழங்கிய பெயர்கள்.

கார்பன் எஃகு பிளேடு ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். அதைத் துடைத்து, மெழுகுத்தாளில் பொதிந்து வைப்பார்கள். மழுங்கினால் கண்ணாடித் தம்ளரின் உட்புறம் தேய்த்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனத்தின் துருப்பிடிக்காத பிளேடு வந்து இந்தச் சிக்கனத்தையே தேவையற்றதாக்கியது. அந்தத் தரத்தை எட்ட உயர்ந்த எஃகும் விளிம்புப் பூச்சும் வேண்டும். மூலதனம் குறைந்த பட்டறைகளுக்கு அது எட்டாத செலவு. 1984இல் தொடங்கிய இந்தியன் ஷேவிங் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் வழியாக ஜில்லெட் நிறுவனமும் இங்கே நேரடியாகக் கால்பதித்தது.

ஆனாலும் இரட்டை முனை பிளேடு ஒழியவில்லை. திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலுள்ள கிளியனூர் போன்ற ஊர்களில் அதைக் காப்பாற்றி வருபவை முடிதிருத்தகங்கள். ஒரு பிளேடை நடுவே ஒடித்து, பாதியைக் கத்திப் பிடியில் செருகிச் சவரம் செய்வது அங்கே வழக்கம். எச்.ஐ.வி. விழிப்புணர்வு பரவியபின் ஆளுக்கொரு புது பிளேடு என்பதை வாடிக்கையாளர்களே கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். மலிவு பிளேடுக்கு நிலையான சந்தை அதனால்தான் இன்றும் இருக்கிறது.