பூஜ்யம் இல்லாத அளவுகோல்

அப்பாவின் மூளையுறை இடுக்கில் குருதி கசிந்து 6 நாட்களாகியிருந்தன. அபாயம் கடந்துவிட்டதென்றே எண்ணியிருந்தேன். 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை மூளைத் தமனிகள் சுருங்கி இரண்டாவது அடி விழக்கூடும் என்றார் மருத்துவர். நினைவுள்ளவருக்கு நா குழறும், கை தளரும். நினைவற்றவர் எதைக் கொண்டு சொல்வார்? மணிக்கொருமுறை செவிலி வந்து பெயர் சொல்லி அழைப்பார், இமை விலக்கி விளக்கடித்துக் கண்மணியைப் பார்ப்பார், நகக்கண்ணை அழுத்துவார். கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் இடும் அந்த அளவுகோல், 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்தது. மொத்தம் 15. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது.

அன்றிரவு அப்பாவுக்கு 7. விடியலில் 6. குறைந்த அந்த ஓர் எண்ணுக்காக மூவர் ஓடிவந்தார்கள். இரவெல்லாம் கட்டிலருகே இருந்த நான் உறங்கும் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.