கரை சேர்ந்த கேபிள்

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமான் கப்பல் கிளம்பும் நாளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், அரிசி மூட்டை, பாட்டியின் மடியில் பத்திரமாக ஒரு எவர்சில்வர் தூக்கு. ஏறுபவர்கள் மறுபடி தரையைப் பார்க்க மூன்று நாள் ஆகும். கடல் கொந்தளித்தால் நான்கு. கரை பார்வையிலிருந்து மறைந்த சிறிது நேரத்தில் செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். பிறகு சீட்டுக்கட்டும் தூக்கமும்தான் துணை.

ஏறக்குறைய அதே திசையில், வங்கக் கடலின் தரையில், சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், 2020 முதல் ஒரு கேபிள் படுத்திருக்கிறது. அதன் நடுவே தலைமுடி அளவுக் கண்ணாடி இழைகள். சென்னையில் புறப்படும் ஒளி போர்ட் பிளேர் போய்ச் சேர ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு கூட ஆவதில்லை.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் சூட்டிவிட்டது. பழகிய வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் 3,80,581 பேர். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம். அபர்தீன் கடைவீதியில் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஊரில் மேடான ஓர் இடத்தில், 1906ல் கட்டி முடித்த செல்லுலர் சிறை. ஒருவரையொருவர் பார்க்கவோ பேசவோ முடியாதபடி தனித்தனி அறைகளில், அதாவது ‘செல்’களில், கைதிகளை அடைத்ததால் வந்த பெயர் அது. அதே சொல்தான் பிற்பாடு செல்போனுக்கும் வந்தது என்பதை இந்த ஊரில் நினைத்தால் லேசான சிரிப்பு வரும்.

2020 வரை தீவுகளுக்கும் நாட்டுக்கும் இடையே செயற்கைக்கோள்தான் பாலம். 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்க வேண்டும் என்பதால் ஒரு ‘ஹலோ’வுக்குப் பதில் ‘ஹலோ’ வர அரை வினாடி பிடிக்கும். அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொள்ளளவுதான் பெரிய இடைஞ்சல். ஒரு சிறு குழாயில் ஊரே தண்ணீர் பிடிப்பது மாதிரி அரசு அலுவலகம், வங்கி, கப்பற்படை, ஹோட்டல், கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் மாணவன் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகளிடம் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கார்டு இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும், ரசீது வராது.

இதெல்லாம் வெறும் அசௌகரியம். தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதைத் தீவுகள் 2004 டிசம்பர் 26 அன்று பார்த்தன. சுனாமி கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளத்தை நொறுக்கியது. தெற்குத் தீவுகளில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே நாட்டுக்குத் தெரியவில்லை. தற்செயலாக அப்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலி ஆர்வலரும் அவருடைய குழுவினரும் போர்ட் பிளேர் ஹோட்டல் ஒன்றில் கருவிகளோடு முகாமிட்டிருந்தார்கள். உலகெங்கும் உள்ள ஹாம் நண்பர்களோடு பேசிப் பார்ப்பது மட்டுமே அவர்கள் வந்த நோக்கம். அந்தப் பொழுதுபோக்குக் கருவிகள் வழியாகத்தான் பல குடும்பங்களுக்கு உறவினரைப் பற்றிய செய்தி போனது. நாட்டின் எல்லைப் பகுதி ஒன்று ஆபத்து வேளையில் ஒரு தன்னார்வலரின் ஆன்டெனாவை நம்பியிருந்தது என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல.

ஆனாலும் அரசு உடனே விழித்துக்கொள்ளவில்லை. கடலடிக் கேபிள் போடுங்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது 2014ல். அமைச்சரவை ஒப்புக்கொண்டது 2016 செப்டம்பரில். மதிப்பீடு சுமார் 1,102 கோடி ரூபாய், முடிக்க வேண்டிய கெடு 2018 டிசம்பர். அந்த டிசம்பரின் 30ஆம் தேதிதான் பிரதமர் மோடி போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டினார். வேலை தொடங்கிய பின் சுறுசுறுப்புக்குக் குறைவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் கேபிளைச் செய்து போட, பி.எஸ்.என்.எல். மேற்பார்வையில், கொரோனா ஊரடங்குக்கு நடுவிலும், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடக்கவிழா நடந்துவிட்டது. மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கதையின் சுவாரசியமான பகுதி. கும்பகோணத்தில் ரீசார்ஜ் செய்பவரும் கான்பூரில் ரீசார்ஜ் செய்பவரும் சேர்ந்து கொடுத்தது. தொலைபேசி நிறுவனங்கள் தம் சரிக்கட்டிய மொத்த வருவாயில் நூற்றுக்கு ஐந்து ரூபாயை ஒரு பொது நிதிக்குக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு 2002 ஏப்ரலில் வந்தது. லாபம் இல்லாத இடத்துக்கும் தொலைபேசி போக வேண்டும் என்பது அதன் நோக்கம். 2023ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இந்த நிதிக்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர் மாற்றியது. செலவைத் தலைக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் ஓர் அந்தமான்வாசிக்குச் சுமார் 32,000 ரூபாய். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போட்டு 2024 ஜனவரியில் தொடங்கிவைத்த கேபிளுக்கு 1,072 கோடி. அங்கே 2011 கணக்குப்படி 64,473 பேர்தான் என்பதால் தலைக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. எந்த வியாபாரியும் இந்தக் கணக்கைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார். போட்ட முதலை அவர் எந்தக் காலத்தில் எடுப்பது? கலங்கரை விளக்கம் கட்டும்போது கப்பல்காரனிடம் டிக்கெட் வசூலாகுமா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கேபிளும் அந்த ஜாதிதான். அரசு செய்யாவிட்டால் நடந்திருக்காது, செய்தது சரி.

இந்தப் பொதுக் கேபிளில் தனியார் நிறுவனங்களும் இடம் வாடகைக்கு எடுத்து, தலைநகரில் வேகமான 4ஜி சேவையை அந்த ஆண்டே தொடங்கின. படம் ஓடத் தொடங்கியது, க்யூ.ஆர். அட்டைகள் இளநீர்க் கடை வரை வந்தன. தலைநகரைத் தாண்டிக் கேபிள் இறங்கும் இடங்கள்: ஸ்வராஜ் தீவு என்று 2018ல் பெயர் மாறிய ஹேவ்லாக், லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார்.

ரங்கத்துக்குத் தலைநகரிலிருந்து சாலை இருக்கிறது, பஸ்சும் ஓடுகிறது. இருந்தும் கேபிள் கடல் வழியாகப் போனது நல்லதற்குத்தான். அந்தமான் நெடுஞ்சாலை ஜராவா பழங்குடிகளின் காட்டுக்கு நடுவே போகிறது. குறித்த நேரங்களில், காவலோடு, அணிவகுத்துத்தான் வண்டிகள் செல்ல முடியும். அங்கே மண்வெட்டிக்காரர்கள் மாதக்கணக்கில் கூடாரம் போடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். மேற்கே வட சென்டினல் தீவுக்கு எந்த இணைப்பும் கிடையாது. கரையை நெருங்கக் கூட யாருக்கும் அனுமதி இல்லை. ‘அனைவருக்கும் இணைப்பு’ என்ற கோஷத்துக்கு விதிவிலக்காக ஒரு தீவையாவது அரசு விட்டுவைத்திருப்பது நல்ல காரியம்.

தலைநகரிலிருந்து கப்பலில் ஏழெட்டு மணி நேரம் தெற்கே போனால் லிட்டில் அந்தமானின் ஹட் பே. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், நிக்கோபாரிகள், தீவின் ஆதி உரிமையாளர்களான ஓங்கேக்கள் என்று நூறு பேர் கொண்ட ஓங்கே இனம் முதல் ஊர் ஊரான குடியேறிகள் வரை ஒரே தீவில். கடலடியில் சமர்த்தாக வந்த கேபிளுக்கு இங்கே கரையில்தான் சோதனை தொடங்குகிறது. ஆழ்கடலில் அதை யாரும் தொடுவதில்லை. கரையோரத்தில் நங்கூரமும் இழுவலையும் அறுக்கும் என்பதால் எஃகுக் கம்பி சுற்றிக் கவசம் போடுகிறார்கள். தரையில் ஏறியபின் கவசம் கிடையாது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை. மண் சரிகிறது, மரம் சாய்கிறது, சாலை அகலப்படுத்த வரும் இயந்திரம் ஒரே வாரலில் இழையைத் துண்டித்துவிட்டுப் போகிறது. பழுது பார்க்கும் கருவி அடுத்த கப்பலில்தான் வர வேண்டும்.

இது தீவுகளுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2011ல் அனுமதி பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்ற திட்டம் 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோகப் புறப்பட்டது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்கு இழை போய்ச் சேர்ந்த பிறகும், பல ஊர்களில் பஞ்சாயத்து அலுவலகப் பெட்டியில் விளக்கு எரியவில்லை. எரிந்தாலும் அடுத்த தெரு வீட்டுக்கு இணைப்புப் போகவில்லை. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் ஒன்றை அமைச்சரவை ஏற்றது. புதிய திட்டத்தில் பராமரிப்புக்கும் வீட்டு இணைப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டில் கற்ற பாடம். கடலுக்கு அடியில் இரண்டாயிரம் கிலோமீட்டர் போட இரண்டு ஆண்டு கூடப் பிடிக்காத நாட்டில், பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போக இவ்வளவு காலம் ஆகிறது.

இன்னும் தெற்கே, நிக்கோபாரின் நடுக்கூட்டத்தில் கமோர்ட்டாவும் கச்சாலும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். கேபிள் கமோர்ட்டாவில் இறங்குகிறது. கச்சால் பட்டியலில் இல்லை. புத்தாயிரத்தின் முதல் உதயம் இங்கேதான் என்று விளம்பரம் செய்து 2000 ஜனவரி 1 அன்று உலகத்தை வரவேற்ற தீவு அது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை அரசு குடியமர்த்தியது இங்கே உள்ள ரப்பர் தோட்டத்தில்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளம்பியவர்களுக்குத் ‘தாயகம்’ என்று கிடைத்தது மற்றொரு தீவு. 2004ல் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் இதுவும் ஒன்று. எதிர்க்கரையில் கேபிள் இறங்கினாலும் இவர்களை எட்ட வானலையோ பழைய செயற்கைக்கோளோதான் வழி. யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. ஒவ்வொரு கரையிறக்கத்துக்கும் கோடிகள் ஆகும்; எங்கோ ஒரு இடத்தில் கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள் நிற்கிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

கேபிளின் கடைசி நிறுத்தம் கிரேட் நிக்கோபாரின் கேம்பெல் பே. 1969லிருந்து முன்னாள் ராணுவத்தினரைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியேற்றிய ஊர். பஞ்சாபி பேச்சு இன்னும் காதில் விழும். பெரிய துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று இந்தத் தீவுக்கு அரசு தீட்டியிருக்கும் திட்டம் 2022ல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றதிலிருந்து சர்ச்சையில் இருக்கிறது. அது வருமோ வராதோ, கேபிள் முன்னதாகவே வந்துவிட்டது. தீவின் தென்முனையான இந்திரா முனையில் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் நிற்கிறது. சுனாமி நாளில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனதன் விளைவு.

கடலடிக் கேபிளில் ஒளி களைத்துப்போகாமல் இருக்க இடையிடையே பெருக்கிகள் உண்டு. அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் கரையில் உள்ள நிலையங்களிலிருந்து போகிறது. இந்தத் தீவுகளில் மின்சாரத்துக்குப் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்தான். டீசல் கப்பலில் வருகிறது.