கலாம் நின்றிருக்கலாம்

2012 ஜூன் 13 அன்று மம்தா பானர்ஜியும் முலாயம் சிங் யாதவும் டெல்லியில் சேர்ந்து நின்று, குடியரசுத் தலைவர் பதவிக்கு மூன்று பெயர்களைச் சொன்னார்கள். அதில் ஒன்று அப்துல் கலாம். இரண்டே நாளில் காங்கிரஸ் கூட்டணி பிரணாப் முகர்ஜியை அறிவித்தது. முலாயம் அந்தப் பக்கம் போய்விட்டார். 18ஆம் தேதி, போட்டியிட மனசாட்சி இடம் தரவில்லை என்று சொல்லி கலாம் விலகிக்கொண்டார். மொத்தம் ஆறு நாள்.

அந்த ஆறு நாளும் தவளக்குப்பத்தில் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. இன்ஜினியரிங் படித்த பையன்கள் எல்லோரும் ஒரே கட்சி: அவர் நிற்கணும். ஃபேஸ்புக்கில் ஆதரவு கேட்டுக்கொண்டிருந்தோம். கடலூர் ரோட்டு டீக்கடையில் ஒரு சித்தப்பா கேட்ட கேள்விதான் எங்களை மடக்கியது. "நீங்க லைக் போடுறீங்க சரி. ஓட்டு யாருடா போடப் போறது?"

நியாயமான கேள்வி. குடியரசுத் தலைவர் தேர்தலில் நமக்கு ஓட்டு இல்லை. எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும்தான். புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கே அந்த உரிமை 1992ஆம் ஆண்டின் 70ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால்தான் கிடைத்தது. 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 16. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176, உத்தரப் பிரதேசத்தில் 208. நம் 30 பேரையும் சேர்த்தால் 480. அன்று எம்.பி. ஓட்டின் மதிப்பு 708. நம் எம்.பி.க்கள் இரண்டு பேரையும் சேர்த்தாலும் 1,896தான். நாடு முழுக்க மொத்த மதிப்பு ஏறக்குறைய 11 லட்சம். நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு இதில் ஓட்டே கிடையாது.

சித்தப்பாவின் வாதம் எளிமையானது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவர் தோற்கப்போவது தெரிந்தே போய் நின்றால், அசிங்கம் அவருக்கு மட்டுமல்ல, அந்த நாற்காலிக்கும்தான். இன்னொன்றும் சொன்னார். காங்கிரசும் தி.மு.க.வும் எதிர்ப்பக்கம் இருக்கும்போது நின்றால், எல்லோருக்கும் பொதுவான மனிதர் ஒரு அணியின் ஆள் ஆகிவிடுவார். கலாம் என்ற சொல்லுக்குத் தமிழில் கலகம் என்றும் பொருள் இருப்பதைக் கருணாநிதி அந்த நாட்களில் எடுத்துச் சொல்லியிருந்தார். அது சிலேடைதான். ஆனாலும் கூட்டணிக் கணக்கு எங்கே நிற்கிறது என்று அதிலேயே தெரிந்தது.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் அட்லாய் ஸ்டீவன்சன் 1952, 1956 என இரண்டு முறை ஐசனோவரிடம் தோற்றவர். 1960இல் மூன்றாவது முறை நிற்கச் சொல்லி ஆதரவாளர்கள் கெஞ்சினார்கள். கட்சி வேட்பாளர் யார் என்பதற்கான முதற்கட்டத் தேர்தல்கள் எதிலும் அவர் இறங்கவில்லை. கூப்பிட்டால் வருகிறேன் என்பது போல இருந்தார். அந்தத் தேர்தல்களில் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்ட கென்னடிதான் வேட்பாளர் ஆனார். லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டில் ஸ்டீவன்சன் பெயரைச் சொல்லி எழுந்த கூச்சல், ஓட்டு எண்ணும்போது உதவவில்லை.

கலாமும் அப்படித்தான் இருந்தார். 2007லேயே மூன்றாவது அணி அவரைக் கேட்டது. வெற்றி உறுதி என்றால் பார்க்கலாம் என்றார், பிறகு விலகினார். 2012லும் கிட்டத்தட்ட அதே கணக்கு. கணக்கு என்ற அளவில் அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தேர்தலில் நிற்பது ஜெயிப்பதற்கு மட்டும்தானா?

அவரே ஜெயித்த 2002 தேர்தலைப் பார்ப்போம். பா.ஜ.க., காங்கிரஸ் இரண்டின் ஆதரவும் அவருக்கு இருந்தது. முடிவு முதல் நாளே தெரியும். அப்படியும் இடதுசாரிகள் கேப்டன் லட்சுமி சேகலை நிறுத்தினார்கள். சென்னையில் பிறந்த டாக்டர், நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர், அப்போது வயது 87. குஜராத் கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மதவாதத்துக்கு எதிராகப் பேச ஒரு மேடை வேண்டும் என்று நின்றார், பேசினார். கலாமுக்கு 9,22,884. அவருக்கு 1,07,366. அந்தத் தோல்வியால் அவருக்கு எந்த அசிங்கமும் வரவில்லை. நாற்காலிக்கும் வரவில்லை.

2012இல் கலாம் நின்றிருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். 2006இல் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பியவர் அவர். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும் கையெழுத்துப் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் உத்தரவில் மாஸ்கோவிலிருந்தே கையெழுத்திட்டவரும் அவர்தான். அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொன்னது. குடியரசுத் தலைவர் எப்போது மறுக்கணும், எப்போது பணியணும்? இதை நாட்டு மக்கள் முன்னால் பேச அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஓட்டு இல்லாத எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது அந்த ஒரு மாத விவாதம்தான். அது இல்லாமல் போனதுதான் என் வருத்தம்.

தோற்றவருக்குக் கதவு மூடிவிடும் என்பதும் உண்மையில்லை. 1969இல் காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார் இந்திரா காந்தி. சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி ஜெயித்தார், ரெட்டி தோற்றார். அதே ரெட்டி 1977இல் போட்டியே இல்லாமல் குடியரசுத் தலைவர் ஆனார். இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது, ஓட்டு ரகசியம். ஒரு உறுப்பினரின் மனசாட்சிக்குச் சட்டம் இவ்வளவு இடம் விட்டுவைத்திருப்பது இங்கேதான். 2012இல் அந்த மனசாட்சிகளிடம் கலாம் கேட்டிருக்கலாம். தன் மனசாட்சியை மட்டும் கேட்டுக்கொண்டு விலகிவிட்டார்.

அவர் விட்ட இடத்தில் பி.ஏ.சங்மா நின்றார். கட்சியை விட்டு வெளியே வந்து, தோற்கப்போவது தெரிந்தே மாநிலம் மாநிலமாகப் போய் ஓட்டுக் கேட்டார். ஜூலை 22 அன்று எண்ணினார்கள்: பிரணாபுக்கு 7,13,763, சங்மாவுக்கு 3,15,987.

மறுநாள், ஜூலை 23, கான்பூரில் லட்சுமி சேகல் இறந்துபோனார். அவரைப் பற்றி வந்த செய்திகளில் 2002 தேர்தலையும் அவருடைய பெருமைகளில் ஒன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.